முக்கூர்த்தி ஏரிகளும் எங்கள் ஊர்த் தோலும்

நீலகிரி சென்று திரும்பும் இலக்கிய நண்பர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: 'மனிதக் கை படாத நிலம்'. பாலாற்றங்கரையின் தோல் நாற்றத்திலிருந்து தப்பி, மலையேரிகளில் மனம் கழுவித் திரும்பினோம் என்று எழுதுகிறார்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் அந்த நாற்றத்தோடே வளர்ந்த நாங்கள் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஏரிகள். முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் உள்ளும் ஓரங்களிலும் தேங்கி நிற்பது பெரும்பாலும் மின் உற்பத்திக்கான அணை நீர். முக்கூர்த்தி அணை 1938இல் பைக்காரா மின்திட்டத்துக்காகக் கட்டப்பட்டது. மேல்பவானி, போர்த்திமந்து, அவலாஞ்சி, எமரால்டு ஆகியவை பின்னாளில் கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா திட்டத்தைச் சேர்ந்தவை. அழகில்லை என்று சொல்ல வரவில்லை. மூடுபனி விலகும் காலையில் அந்நீரின் முன் நாங்களும் வாயடைத்து நின்றவர்களே.

ஆனால் எங்களைத் தலைகுனிய வைத்தது கரையில் நின்ற மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில். நீலகிரி மக்கள் சீகை மரம் என்பார்கள். சோலைக் காடும் புல்வெளியுமாக, மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி ஆண்டு முழுவதும் ஓடைகளாகக் கசியவிட்ட மேட்டுநிலம் அது. வெள்ளையர் கண்ணுக்கு அப்புல்வெளி வெறும் தரிசாகப்பட்டது. விடுதலைக்குப் பின் வந்த நம் வனத்துறையும் அதே கண்ணால் பார்த்து, பல்லாயிரம் ஏக்கரில் சீகையை நட்டது. காரணம், அதன் பட்டையில் உள்ள டானின். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட தமிழ்நாட்டுத் தொழிலுக்கு உள்நாட்டிலேயே வாட்டில் பட்டை வேண்டியிருந்தது. உரித்த பட்டை மேட்டுப்பாளையத்தில் சாறாகித் தோல் தொழிலுக்குப் போனது. 'கை படாத' நிலத்தில் பட்டது எங்கள் தொழிலின் கை!

"இப்போது எல்லாம் குரோம்தானே, பழங்கதை எதற்கு?" என்பார் உண்டு. ஆம், 1970களுக்குப் பின் குரோம் பதனிடுதல் மேலோங்கியது. கைவிடப்பட்ட சீகை தன்போக்கில் பரவிப் புல்வெளியை விழுங்கியது. இங்கே பாலாற்றில் குரோமியம் ஏறியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர், முழுவதுமாகவோ ஓரளவோ பாழான விளைநிலம் 35,000 ஹெக்டேர் என்று உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பே பதிவு செய்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இழப்பீட்டுக்கும் நதியின் மீட்புக்கும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் கழிந்தவை ஏறக்குறைய 29 ஆண்டுகள்.

தொழிலாளர்மீது பழி சுமத்துவதல்ல எங்கள் நோக்கம். எங்கள் வீடுகளில் அடுப்பெரிந்ததும் இத்தொழிலால்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் இறந்தார்களே, அவர்கள் யாருடைய பயணக் கட்டுரையிலும் இடம்பெறவில்லை.

அப்புல்வெளியில் எருமை மேய்த்த தோடருக்கு முக்கூர்த்தி முடி மறுவுலகுக்கான வாயில். வரையாட்டுக்கு அப்புல்லே உணவு. 78 சதுர கிலோமீட்டர் பூங்காவை 1990இல் அறிவித்த அரசு, தானே நட்ட அயல்மரங்களை அகற்ற 2022இல் கொள்கை வகுத்திருக்கிறது. நட்டதும் பொதுப்பணம், பிடுங்குவதும் பொதுப்பணம். பட்டையில் லாபம் பார்த்தவர்களிடம் இதற்கொரு பங்கு கேட்கலாமே என்று எந்த அதிகாரியும் கேட்டதாக எங்கள் காதுக்கு எட்டவில்லை.

நண்பர்களும் தோல் காலணி அணிந்தே அம்மலை ஏறியிருப்பார்கள். அது எந்த ஊரில் பதனிடப்பட்டது, அக்கழிவு எந்த ஆற்றில் கலந்தது என்று முதல் பத்தியில் எழுதட்டும். பிறகு மூடுபனியைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம், நாங்கள் வாசிக்கிறோம்.