யார் கண்ணில்?

'கான்ஸ்பிக்யுவஸ்' என்ற ஆங்கிலப் பெயரடையை 'வெளிப்படையான' என்று தமிழாக்கிவிட்டு நகர்ந்துவிடும் மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. வெளிப்படை என்பது மறைக்காமை. காட்டுபவரின் குணத்தைச் சொல்வது. கான்ஸ்பிக்யுவஸோ காண்பவரை எதிர்பார்த்து நிற்கும் சொல். கூர்ந்து நோக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையில் பிறந்தது. தோர்ஸ்டீன் வெப்ளென் 1899இல் செல்வர்களின் நுகர்வுக்கு இப்பெயரடையைச் சூட்டியதும் அது பிறர் காண்பதற்காகவே நிகழ்வதால்தான். அங்கே மட்டும் 'பகட்டு' என்று சரியாகப் பெயர்த்துக்கொண்டோம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவைப் பாருங்கள். அறிவிப்புகள் வாயிலருகே கான்ஸ்பிக்யுவஸான இடத்தில், ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும், படிக்கத்தக்க நிலையில் இருக்கவேண்டும் என்றது அது. ஆணியடித்து மாட்டுவது மட்டும் போதாது என்று சட்டமே சொல்லிற்று. போபாலுக்குப் பின் 1987இல் சேர்ந்த 41பி பிரிவு, அபாயகரமான ஆலைகளின் ஆபத்துகளைச் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்கக் கோரியது.

இனி எண்ணூருக்கு வாருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் உறக்கம் கலைந்து தெருவுக்கு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களை எழுப்பியது நெடி. கடலடிக் குழாய் எவர் கண்ணிலும் படாதது. ஆகவே அதன் ஆபத்தைச் சொல்லும் எழுத்தாவது குப்பத்தார் கண்ணில் படவேண்டும். ஆலை வாயிலில் தொங்கும் பலகை வலை பின்னுகிறவருக்கு எப்படிக் கான்ஸ்பிக்யுவஸ் ஆகும்?

'வெளிப்படையான இடம்' என்று எழுதினால், மாட்டியவரின் கடமை மாட்டியதோடு முடிகிறது. 'கண்ணில் படும் இடம்' என்று எழுதிப்பாருங்கள்: யார் கண்ணில் என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வியை எழவிடாத மொழிபெயர்ப்பு, ஆலைக்குச் செய்யும் உபகாரம்.

பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. விதிகளும் படிவங்களும் மறுபடி தமிழாகும். பெயர்ப்போரே, இம்முறையேனும் கண்ணை விட்டுவிடாதீர்கள்.