ரசீது புத்தகம் மட்டும் போதாது!



வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்த சமுதாயம் நாம். வருமான வரித்துறையோ கொடுத்தவர் பெயர், பான் எண், தொகை அத்தனையும் கேட்கிறது. 80ஜி பெற்ற அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் நன்கொடையாளர் பட்டியல் தர வேண்டுமென்ற விதி 2021-22 கணக்கிலிருந்தே வந்துவிட்டது.

கடலாடியில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று துண்டேந்தி வந்த நம் இளைஞர்களிடம் 5,000 ரூபாயை ரொக்கமாகத் தந்து, 'வரிக்கழிவு உண்டல்லவா தம்பி?' என்றார். 'உண்டு' என்றனர் பிள்ளைகள். இல்லை! 10,000 ரூபாயாக இருந்த ரொக்க வரம்பை 2017-இல் 2,000 ஆக்கிவிட்டார்கள். காசோலையாகத் தந்தாலும், 2023-24 முதல் இயல்பாகிவிட்ட புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே கிடையாது. (ஜகாத்தை யாரும் கழிவுக்காகக் கொடுப்பதில்லை, அது வேறு.) தெரியாமல் சொன்னாலும் பொய் பொய்தானே?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று எழுதிய அறக்கட்டளைக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 80ஜி தரவில்லை. ஆனால் பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கென அமைந்ததை மதப் பிரிவுக்குரியதாகக் கருதக்கூடாது என்றும் அதே பிரிவு விளக்கம் சொன்னது. நம் பத்திரங்களில் அப்படி எழுதியவர்கள் எத்தனை பேர்?

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. முத்தவல்லிகளே, ரமளான் வசூலுக்கு நோட்டீஸ் அடிக்குமுன் பத்திரத்தையும் பதிவுச் சான்றையும் எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். 2021-இல் 5 ஆண்டுக்கு வாங்கிய பதிவின் கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.