உழைத்த முகத்திற்குக் கூலி எங்கே?

சென்ற மாதம் ஒரு மாலை நேரத்தில், எங்கள் சங்க அலுவலகத்திற்கு ஒரு வாலிபன் வந்தான். அவனுடைய தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடப்பட்ட பின் இரவுக் காவல் வேலைக்குப் போகிறவர். தாயார் களையெடுப்புக்கும் நடவுக்கும் போகிறவர்.

"தோழர், நான் சினிமாவில் நடிகனாக வேண்டும். சென்னையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டான்.

அங்கே இருந்த இரண்டு தோழர்கள் சிரித்துவிட்டார்கள். "கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற பைத்தியம் போதாதென்று, நீயே கட்-அவுட்டில் ஏறி நிற்க வேண்டுமாக்கும்!" என்று ஒருவர் கேலி செய்தார். பையனின் முகம் சுண்டிப் போயிற்று.

நான் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி விசாரித்தேன். அவன் ஏற்கெனவே ஒரு முறை சென்னைக்குப் போய் வந்தவன். ஏஜெண்டு ஒருவன் போட்டோ எடுக்க வேண்டும், பெயர் பதிய வேண்டும் என்று சொல்லிப் பணம் கறந்திருக்கிறான். பிறகு மூன்று நாள் கூட்டக் காட்சியில் சிப்பாய் வேஷம். விடியற்காலை முதல் இரவு வரை வெயிலில் நின்றிருக்கிறான். கிடைத்த கூலியில் ஏஜெண்டின் பங்கு போக மிச்சம்தான் கைக்கு வந்தது. ஒரு துண்டுச் சீட்டு கூட யாரும் கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று சொன்னான். "மூன்றாம் நாள் எங்களை ஒவ்வொருவராக ஒரு கூடாரத்துக்குள் நிற்க வைத்து, நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள், தோழர். சிரிக்கச் சொன்னார்கள், கத்தச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். பேசாமல் நில் என்றார்கள்."

தோழர்களே! சிரிக்க வேண்டிய விஷயமா இது? கங்காணிக்குக் கமிஷன், கையில் சீட்டு இல்லை, கேள்வி கேட்டால் அதட்டல் — ஆலையில் பதிலித் தொழிலாளியாக நின்றவர்களுக்கும், கேம்ப் கூலியாக அடைபட்டவர்களுக்கும் இது பழக்கமான கதைதானே? நடிப்பும் உழைப்பே, நடிகனும் தொழிலாளியே. இதை ஒப்புக்கொண்டால்தான், நடிகனாக முன்னுக்கு வருவது எப்படி என்று அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

யந்திரம் மாறிய கதை

ஒரு காலத்தில் தமிழ் நாட்டில் நடிகனை உருவாக்கியவை பாய்ஸ் கம்பெனிகள். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். பாட்டு, வசனம், உச்சரிப்பு, வேஷம் எல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அடியும் பட்டினியும் கூட இந்தக் கம்பெனிகளில் உண்டு. ஆயினும் வேலை தெரிந்த நடிகர்கள் அந்தப் பட்டறைகளிலிருந்துதான் வந்தார்கள்.

1931-ல் 'காளிதாஸ்' பேசும் படம் வந்தது. பாடத் தெரிந்த மேடை நடிகனுக்கு யோகம் அடித்தது. நாடகக் கொட்டகைகளோ ஒவ்வொன்றாக சினிமாக் கொட்டகைகளாக மாறின; ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த கம்பெனிகள் கலைந்தன. பிறகு பின்னணிப் பாடல் முறை வந்தது. பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் ஒருவர் என்று ஆயிற்று. பாட்டை நம்பியிருந்த நடிகர்கள் பலர் பின்தள்ளப்பட்டார்கள். அதற்கும் பின் டெலிவிஷன். பிறகு செல்போனிலேயே படம். இப்போது செயற்கை நுண்ணறிவு.

ஒவ்வொரு யந்திரமும் சிலரைத் தூக்கிவிட்டது, பலரைத் தெருவில் விட்டது. அறுவடை யந்திரம் வயலில் இறங்கிய நாளன்று கதிர் அரிவாளோடு வரப்பில் நின்ற விவசாயத் தொழிலாளிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"எம்.ஜி.ஆர். வரவில்லையா? சிவாஜி வரவில்லையா?" என்று கேட்பார்கள். வந்தார்கள். எப்படி வந்தார்கள்? இருவரும் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வேலை கற்றவர்கள். எம்.ஜி.ஆர். சிறு வேஷத்தில் தோன்றிய 'சதி லீலாவதி' வந்தது 1936-ல். அவர் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' வந்தது 1947-ல். நடுவே பதினோரு வருஷம்! சிவாஜி கணேசனின் 'பராசக்தி' 1952-ல் வந்தபோது, அவருக்குப் பின்னால் குழந்தைப் பருவம் முதல் மேடையில் நின்ற அனுபவம் இருந்தது. வெற்றி ஒரே இராத்திரியில் வரும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் ஏஜெண்டுகள் இந்தப் பதினோரு வருஷத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதே போலக் காத்திருந்தும் கரை சேராதவர்களின் பெயர்களை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே, முதலில் வேலையைக் கற்க வேண்டும். சந்தேகமில்லை. வேலை தெரியாதவனுக்குப் பேரம் பேசப் பலமில்லை. ஆனால் வேலை தெரிந்தால் மட்டும் போதுமா?

இறந்தவனை எழுப்பிய யந்திரம்

தனுஷ் வேலை தெரிந்த நடிகர். தேசிய விருது பெற்றவர். 2013-ல் அவர் நடித்த 'ராஞ்சனா' என்ற ஹிந்திப் படம் தமிழில் 'அம்பிகாபதி' என்று வந்தது. கதையின் முடிவில் கதாநாயகன் சாகிறான். 2025 ஆகஸ்டில், பட உரிமை வைத்திருந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றி, அவன் பிழைத்துக்கொள்வதாகத் தமிழில் மறுபடி வெளியிட்டது. டைரக்டர் கண்டித்தார், தனுஷும் கண்டித்தார். படம் வெளிவந்தே தீர்ந்தது. ஒரு நடிகன் உயிரைக் கொடுத்து நடித்த சாவையே அழித்துவிட்டு, அவன் நடிக்காத ஒன்றை அவன் முகத்தால் நடிக்க வைக்க முடிகிறது!

நட்சத்திரத்தின் கதியே இது. ஆனால் நட்சத்திரத்துக்கு வழக்கறிஞர் உண்டு. 2023-ல் ஹிந்தி நடிகர் அனில் கபூர் டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போய், தன் முகத்தையும் குரலையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை வாங்கினார். 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை யந்திரத்தால் உண்டாக்கியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் அறிவித்தார். செய்ய வேண்டிய முறை அதுவே. ஆனால் அது ஒருவருடைய நல்ல மனதைப் பொறுத்ததாக இருக்கலாமா?

கூடாரத்துக்குள் நின்ற நம் பையனுக்கு எந்தக் கோர்ட்டு? எந்த வக்கீல்?

சட்டம் என்ன சொல்கிறது? 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. நடிகன் நடித்ததை வியாபார ரீதியில் பயன்படுத்தினால் அவனுக்கு ராயல்டி உண்டு என்று எழுதினார்கள். நல்ல காரியம். ஆனால் அதே திருத்தத்தில் இன்னொரு வாசகமும் சேர்ந்தது. படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ தோன்றி, பெயர்ப் பட்டியலில் இடம் பெறாதவன் 'நடிப்பவன்' என்றே கருதப்பட மாட்டான்! தன் தோற்றத்தைத் திரித்துப் பெயரைக் கெடுத்தால் ஆட்சேபிக்கும் உரிமை ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். ஆயிரம் பேர் கொண்ட சேனை திரையில் ஓடுகிறது. அந்த ஆயிரம் பேரும் சட்டத்தின் கண்ணில் நடிகர்கள் அல்ல. மஸ்டர் ரோலில் பெயர் இல்லாதவன் தொழிலாளியே அல்ல என்று சாதிக்கும் முதலாளியின் வாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் நடந்தது

ஹாலிவுட் நடிகர்கள் என்றால் மாளிகையும் காரும்தான் நம் நினைவுக்கு வரும். அங்கேயும் பெரும்பாலோர் தினக்கூலிகளே. அவர்கள் 1933-ல் சங்கம் கட்டினார்கள். டெலிவிஷன் வந்து, பழைய படங்களை அதில் போட்டு முதலாளிகள் இலாபம் பார்த்தபோது, 1960-ல் வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த வருஷம் முதல் எடுத்த படங்களுக்கு, டெலிவிஷனில் மறு காட்சிக்குப் பங்கு கிடைத்தது; ஓய்வூதிய, மருத்துவ நிதி பிறந்தது. அதற்கு முன் எடுத்த படங்களில் உழைத்தவர்களுக்கோ மறு காட்சிப் பங்கு கிடைக்கவில்லை. பிந்திக் கேட்டதை இழந்தார்கள். இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. அன்று அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ரொனால்ட் ரீகன். அதே மனிதர் ஜனாதிபதியான பின், 1981-ல் வேலை நிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் 11,000 பேருக்கு மேல் வேலை நீக்கம் செய்தார்! தலைவர் மாறிப் போனார். சங்கம் வென்றது நின்றது.

2023-ல் மறுபடி போர். ஜூலை 14 முதல் 118 நாள் வேலை நிறுத்தம். சங்கத்தின் உறுப்பினர் தொகை சுமார் 1,60,000. கதாசிரியர்கள் மே மாதமே வெளியேறியிருந்தார்கள். கூட்டக் காட்சி நடிகர்களை ஒரு நாள் கூலிக்கு யந்திரத்தால் பதிவு செய்து, அந்த உருவத்தை என்றென்றைக்கும் பயன்படுத்த முதலாளிகள் பார்க்கிறார்கள் என்று சங்கம் குற்றம் சாட்டியது. முதலாளிகள் மறுத்தார்கள். முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், நடிகனின் உருவத்தை யந்திரத்தால் உண்டாக்க அவன் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்று எழுதப்பட்டது. உடனடிக் கூலி உயர்வு மற்ற நடிகர்களுக்கு 7 சதவிகிதம். கூட்டக் காட்சி நடிகர்களுக்கோ 11 சதவிகிதம். போதாது என்று எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களும் உண்டு. 100-க்கு 78 பேர் ஆதரித்து நிறைவேறியது. கோடீஸ்வர நட்சத்திரமும் கூட்டக் காட்சி நடிகனும் ஒரே மறியல் வரிசையில் நின்றதால் வந்த பலன் இது.

நம் நாட்டில் இது புதிதா? இல்லை. 1952-லேயே தென்னிந்திய நடிகர் சங்கம் பிறந்தது. 1960-ல் 'பாதை தெரியுது பார்' படத்தை எடுத்த நிமாய் கோஷும், அதற்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசனும் சினிமாத் தொழிலாளர் சங்கங்களைக் கட்ட உழைத்தவர்கள். வாத்தியக் கலைஞர்களை யூனியனில் திரட்டியவர் எம்.பி.எஸ். அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர வேண்டும்.

என்ன வேண்டும்?

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் எவரையும் கேமரா முன் நிறுத்தக் கூடாது. ஒரு நாள் நின்றவனின் பெயரும் படத்தின் பட்டியலில் வர வேண்டும். முகத்தையும் குரலையும் யந்திரத்தில் பதிவு செய்வதானால், எதற்கு, எத்தனை முறை, என்ன ஊதியம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பெயரில்லாதவன் நடிகனல்ல என்ற சட்ட வாசகம் நீக்கப்பட வேண்டும். ஏஜெண்டு முறை ஒழிந்து, சங்கத்தின் மூலமே ஆள் எடுக்க வேண்டும்.

பையனிடம் இவ்வளவையும் சொன்னேன். "நம் ஜில்லாவிலேயே தெரு நாடகக் குழு இருக்கிறது. முதலில் அதில் சேர்ந்து குரலையும் உடம்பையும் பழக்கு. யாருக்கும் பணம் கொடுக்காதே. சீட்டு இல்லாமல் நிற்காதே. சங்க அட்டை வாங்கிக்கொள்" என்றேன். கேலி செய்த தோழரும் இப்போது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து போகும்போது அவன் கேட்டான்: "சரி தோழர். அந்தக் கூடாரத்தில் எடுத்தார்களே, அந்தப் படம் இப்போது யாரிடம் இருக்கும்? நாளைக்கு என்னை எதில் போடுவார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. அவன் தனியாகப் போய்க் கேட்டால் பதில் சொல்வாரும் இல்லை. "பேசாமல் நில்" என்பார்கள். ஆலை வாசலில் நம் தகப்பன்மார்களுக்கும் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் பேசாமல் நிற்கவில்லை. ஒன்றாகக் கூடிப் பேசினார்கள். அந்தப் பையனும் அவனோடு வெயிலில் நின்ற சிப்பாய்களும் ஒன்றாகக் கூடிக் கேட்கட்டும். பஞ்சாலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்போம்!