வாளியை உதைத்தால் வேலை போச்சு!

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நின்று பாருங்கள். பழனி பஸ்சுக்கும் காங்கயம் பஸ்சுக்கும் காத்திருக்கும் இளவட்டங்களில் பலர் கையில் கைடு புத்தகம். உதட்டில் முணுமுணுப்பு. 'கோ... வென்ட்... கான்!'

சர்க்கார் வேலைக்கான தவம் இது!

குரூப்-4 தேர்வில் முன்பு பொதுத் தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என்று இருந்தது. 2021 டிசம்பரில் தமிழக அரசு போட்ட உத்தரவால் தமிழ் கட்டாயமானது. 2022 தேர்விலிருந்து அதில் ஆங்கிலத்துக்கு இடமில்லை. தலைவலி தீர்ந்தது என்றார்கள். தீரவில்லை! மத்திய அரசு குமாஸ்தா வேலைக்கும் பேங்க் வேலைக்கும் ஆங்கிலம் இன்னும் வாசலில் நிற்கிறது.

பிளஸ்-2 படித்தவர்கள் எழுதும் மத்திய அரசு குமாஸ்தா தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்வி. நேரம் 60 நிமிடம். அதாவது கேள்விக்கு 36 விநாடி! ஆங்கிலம் மட்டும் 25 கேள்வி. சரியான விடைக்கு 2 மார்க். தப்பானால் அரை மார்க் வெட்டு.

வினைச்சொல்லைக் கேட்கட்டும். அது நியாயம். 'பணம் கட்டிவிட்டார்' என்பதற்கும் 'கட்டுவார்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாத குமாஸ்தாவிடம் ஃபைல் போனால் கடைக்காரர் கதி என்ன?

நம்ம பையன்கள் எங்கே சறுக்குகிறார்கள்? 'பத்து வருஷமா இங்கேதானுங்க இருக்கிறேன்' என்கிறோம். அதை அப்படியே 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று போடுகிறார்கள். அவுட்! 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதுதான் சரி. பையனுக்குப் புத்தி இல்லாமல் இல்லை. தமிழ் புத்தி குறுக்கே வருகிறது. இந்த முடிச்சை வாத்தியார் ஒருமுறை அவிழ்த்துக் காட்டினால் ஆயுசுக்கும் மறக்காது.

ஆனால் மரபுத்தொடர்? 'கிக் தி பக்கெட்' என்றால் வாளியை உதைப்பதாம் என்று நினைத்தால் மார்க் போச்சு. செத்துப்போனான் என்று அர்த்தம்! யோசித்துக் கண்டுபிடிக்க இதில் வழியே இல்லை. காதில் விழுந்திருக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு விழும். அமராவதிக் கரையில் நெல்லுக்குத் தண்ணி கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு எங்கே விழும்?

'மண்டையைப் போட்டான்' என்று லண்டன்காரனிடம் சொன்னால் 'எங்கே போட்டான்?' என்றுதான் கேட்பான். அதற்காக அவனுக்கு வேலை இல்லை என்போமா?

ஆங்கிலம் தெரிந்தவன் இதையும் தெரிந்திருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கதை எழுதுபவனுக்கு வேண்டும். குமாஸ்தாவுக்கு எதற்கு? எந்த ஆபீஸ் கடிதத்தில் வாளி உதைபடுகிறது?

பன்னோக்குப் பணியாளர் தேர்வை 2023 முதல் தமிழிலும் எழுதலாம். நல்ல காரியம். ஆனால் அதிலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான். அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆபீசில் புழங்கும் கடிதம், ரசீது, நோட்டீஸ் இவற்றிலிருந்து கேளுங்கள் என்கிறோம். படித்துப் புரிகிறதா, பிழையில்லாமல் பதில் எழுத வருகிறதா என்று பாருங்கள். வேலைக்குத் தேவை அதுதானே?

அதுவரை தம்பி, தங்கைகளே! மரபுத்தொடரைப் பழைய கேள்வித்தாளிலிருந்து தினம் ஐந்தாக நெட்டுருப் போடுங்கள். தெரியாததைக் குருட்டாம்போக்கில் தொடாதீர்கள். ரிட்டயரான ஆங்கில ஆசிரியர்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் ஊருக்கே புண்ணியம்.

அரை மார்க்கில் ஒரு குடும்பத்தின் சோறு தொங்குகிறது. தேர்வாணையம் யோசிக்குமா?