மூன்றாவது பத்தி: மரக்காணம் உப்பளத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு இந்தியப் பிரதமர் அவர்களுக்கும், தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும், விழுப்புரம் தனித்தொகுதியில் எங்களிடம் ஓட்டு வாங்கி டெல்லிக்குப் போனவர்களுக்கும், இனிப் போகப் போகிறவர்களுக்கும்:

நான் மரக்காணத்தில் பிறந்தவள். பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா உப்பளத்தில் உப்புச் சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தார். இப்படி ஒரு மடல் எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போட்டேன். இந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று தலித் கிறிஸ்தவர்களின் கறுப்பு தினக் கூட்டத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பியபோது அம்மா கேட்டார்: "இன்னும் எத்தினி வருஷத்துக்கு இந்தக் கறுப்புக் கொடியக் கட்டுவீங்க?" அதற்கு மேல் தள்ளிப் போட முடியவில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போயிருந்தால் எங்கள் ஊரைப் பார்த்திருப்பீர்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்தி பாத்தியாக உப்பளம். வண்டியை நிறுத்தி வெள்ளைக் குவியல்களைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் குவியல் எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். தை பிறந்ததும் சேற்றை மிதித்து மிதித்துப் பாத்தியை இறுக்குவார்கள். பிறகு தண்ணீர் பாய்ச்சி, வெயிலுக்கு விட்டு, படிந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி வரப்போரம் சேர்ப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். சும்மாட்டையும் மீறிக் கூடையிலிருந்து கசியும் தண்ணீர் கழுத்தில் இறங்கும். காய்ந்தால் அரிக்கும். அம்மாவின் குதிகால் வெடிப்பில் ஒரு ரூபாய்க் காசைச் செருகினால் நிற்கும். ராத்திரி வேப்பெண்ணெய் தடவி, பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார். பக்கத்துப் பாயில் படுக்கும் சின்னம்மாவுக்கும் அதே கால்தான்.

இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே காலனியில் பிறந்து, ஒரே பாத்தியில் சுமந்தவர்கள். அம்மா கல்யாணமாகி அப்பா வீட்டுக்கு வந்தபோது ஞானஸ்நானம் வாங்கிக் கத்தோலிக்கரானார். சின்னம்மா குலதெய்வத்தோடு இருந்துவிட்டார். கணக்கப்பிள்ளை இருவருக்கும் ஒரே கூலிதான் கொடுத்தார். ஊர்த் தெருவுக்குள் போனால் இருவரையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அம்மாவை "கிறிஸ்டியன்" என்று சொல்லி யாரும் திண்ணையில் உட்கார வைத்ததை நான் பார்த்ததில்லை.

சாதிச் சான்றிதழில் மட்டும் அக்காவும் தங்கச்சியும் வேறு வேறு. சின்னம்மா ஆதிதிராவிடர், பட்டியல் சாதி. அம்மா கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. எனக்குச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பேரைப் படித்துவிட்டுக் கேட்டார்: "பேரு மரியான்னு இருக்கு. அப்புறம் காலனி முகவரி எதுக்குப் போட்டிருக்க?" அன்றைக்கு எனக்குப் பதினேழு வயசு. பதில் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். காலனியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை ஐயா, பேரை மட்டும்தான் தேர்ந்தெடுத்தோம்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்திதான் காரணம். இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956-இல் நாடாளுமன்றம் சீக்கியர்களைச் சேர்த்தது. 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தது. இரண்டு தடவையும் ஒரு சாதாரணத் திருத்தச் சட்டமே போதுமானதாக இருந்தது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான் நிற்கிறோம்.

சூசை என்று ஒருவர் இருந்தார். சென்னை எழும்பூரில் காந்தி இர்வின் பாலத்துப் பக்கம், நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பட்டியல் சாதியினருக்கான திட்டம் என்பதால், கிறிஸ்தவரான அவருக்கு மட்டும் இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. அதே வெயில், அதே நடைபாதை, கையில் அதே ஊசி. இதற்கு மேல் அவர் என்ன ஆதாரத்தைக் கொண்டுபோய் வைத்திருக்க முடியும்?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்கள் எதிலும் எளிதில் ஒத்துப்போகிறவர்கள் அல்ல. ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று ஒரே தெருவில் நான்கு ஜெபம் கேட்கும். ஒருவருக்கு ஆண்டவர் என்றால் இன்னொருவருக்குக் கர்த்தர். கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தைக் கொண்டுவரவே 1995 ஆயிற்று. நற்கருணையை இன்றைக்கும் ஒரே பந்தியில் வாங்குவதில்லை. இப்படிப்பட்டவர்கள், தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியல் சாதியில் சேர்க்க வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுகிறார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும், சீர்திருத்தச் சபைகளும் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் அங்கம் வகிக்கும் இந்தியத் திருச்சபைகளின் தேசிய மன்றமும் சேர்ந்து ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு தினமாக அனுசரிக்கின்றன. நவம்பரில் ஒரு ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறு என்று கொண்டாடுகின்றன. 2013 டிசம்பரில் டெல்லியில் இந்தக் கோரிக்கைக்காக ஊர்வலம் போனவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். டெல்லி கத்தோலிக்கப் பேராயர் அனில் கூட்டோவையே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கன்னியாஸ்திரீகள் நனைந்த உடையோடு நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்த என் அம்மா, "நமக்காகவா நனைஞ்சாங்க?" என்று கேட்டார்.

சபைகள் இப்படிச் சேர்ந்து நிற்பது எங்கள் பகுதிக்குப் புதிதும் இல்லை. இங்கிருந்து வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில், 1890 வாக்கில் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் வில்லியம் கௌடியும், ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் வேறு வேறு சபைக்காரர்களாக இருந்தும் நிலமற்ற பறையர்களுக்காக அரசாங்கத்திடம் விடாமல் வாதாடினார்கள். 1891-இல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் தன் அறிக்கையை எழுதினார். அடுத்த ஆண்டே, 1892 செப்டம்பரில், அரசாணை பிறந்தது. தலித்துகளுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கு வேர் அதுதான். வெள்ளைக்கார அரசு ஓராண்டில் செய்ததை நம் அரசு எழுபது ஆண்டுக்கு மேலாகியும் செய்யவில்லை என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நிலத்திலும் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கக் காரணை என்ற ஊரில் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த இரண்டு பேர்களையும் சேர்த்து ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். குண்டு மதம் பார்த்துப் பாயவில்லை.

2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், கிறிஸ்தவ, இஸ்லாமியச் சமூகங்களில் தீண்டாமையால் வந்த அப்படிப்பட்ட பின்தங்கிய நிலை இருந்ததில்லை என்பதுதான் 1950 ஆணைக்கு அடிப்படை என்று வாதிட்டது. அதை எழுதியவர்கள் எறையூர் வரை வந்துவிட்டுப் போயிருக்கலாம். அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. ஒரே கத்தோலிக்கக் கோயில். தலித் கத்தோலிக்கர் தங்கள் பிணத்தைப் பிரதான தெரு வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. தனிப் பங்குக் கோயில் கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச்சில் மோதல் முற்றி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் ஆயர்களுக்கும் பேராயர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களும் அதிகாரத்தில் இருக்கிறவர்கள்தான். 2016-இல் ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில், இந்தியாவில் உள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் சாதி இருக்கிறது என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நல்லது. அந்த விகிதம் குருமடத்திலும், கல்லூரி வேலையிலும், ஆயர் இருக்கையிலும் தெரிகிறதா? இரண்டாகப் பிரித்த கல்லறைத் தோட்டச் சுவர்களை இடிக்க எந்த நாடாளுமன்றத்தின் அனுமதியும் வேண்டாம். சி.எஸ்.ஐ. சபைகளுக்கும் லுத்தரன் சபைகளுக்கும் இதே கேள்விதான். டெல்லியில் சேர்ந்து நனைந்தது பெரிய காரியம். ஊரில் சேர்ந்து ஒரு சுவரை இடிப்பது அதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

ஆனால் ஆட்சியாளர்களே, திருச்சபையின் குற்றம் உங்களுக்குச் சாக்காகிவிடாது. சபைக்குள்ளும் சாதி இருக்கிறது என்பதே எங்கள் வழக்குக்கு முதல் சாட்சி. தமிழ்நாடு அரசுக்கும் இது தெரியும். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு "கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்றும் சேர்த்தே கேட்கிறார்கள். படிக்கும் வரைக்கும் நாங்கள் தலித்துகள். படித்து முடித்து வேலைக்குப் போனால் இல்லை. தேர்தலில் நின்றால் இல்லை. அடி வாங்கினாலும் இல்லை. சாதி பேரைச் சொல்லி ஒரே கம்பால் அம்மாவையும் சின்னம்மாவையும் ஒருவன் அடித்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சின்னம்மாவுக்கு மட்டும்தான் வரும். விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. அதற்குள் அடங்கிய திண்டிவனமும் வானூரும் தனித்தொகுதிகள். எங்கள் காலனியில் பாதிப் பேர் அந்தத் தொகுதிகளில் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது.

எங்கள் இந்து தலித் சகோதரர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. இருக்கிற இடத்தில் இவர்களும் வந்து பங்கு கேட்பார்களோ என்ற பயம். அது நியாயமான பயம். சின்னம்மா மகனே என்னிடம் அதைக் கேட்டிருக்கிறான். அவன் தட்டிலிருந்து எடுத்து எனக்குப் போட வேண்டாம். இப்போது பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் எங்களுக்கு உள்ள பங்கையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாடு 2009-லேயே அருந்ததியருக்கு 3 சதவீதம் கொடுத்து வழி காட்டியது. மனம் இருந்தால் கணக்குப் போடலாம்.

நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே இந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. இந்தப் பத்தியை எதிர்த்து 2004-இல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருபது ஆண்டைத் தாண்டிவிட்டது. பிரதமர் அவர்களே, 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டீர்கள். இரண்டு ஆண்டில் அறிக்கை என்றீர்கள், பிறகு காலக்கெடுவை நீட்டினீர்கள். 2023 ஏப்ரல் 19 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொண்டுவந்த தீர்மானத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியது. முதலமைச்சர் அவர்களே, எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டுடையது. அதை யாரும் கோப்பில் தூங்க விடாதபடி நீங்கள் டெல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்களால் முடியும் என்பதற்கு எங்கள் உப்பளத்திலேயே சாட்சி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி முழுகி வேலை நின்றுபோகும் மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. அதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. உப்பளத்தில் பாடுபடுகிறவளா என்று மட்டும் பார்க்கிறார்கள். பட்ட பாட்டைப் பார்த்துக் கொடுப்பது என்றால் இதுதான். மூன்றாவது பத்தியையும் இதே கண்ணால் பார்த்தால் போதும்.

பிரதமர் அவர்களே, மழையில் உப்பளம் ஓய்ந்து கிடக்கும் நாட்களில்தான் உங்கள் குளிர்காலக் கூட்டத்தொடரும் தொடங்கும். 1956-இலும் 1990-இலும் செய்ததுபோல் ஒரு மசோதா கொண்டுவாருங்கள். அம்மாவுக்கு இப்போது எழுபத்தொரு வயசு. அவருக்கு வேலையோ தொகுதியோ வேண்டாம். தங்கச்சிக்கு இருக்கும் சான்றிதழ் தனக்கும் வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
மரக்காணம் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள்