ஏரி வண்டலும் நாட்டுச் சரித்திரமும்

சரித்திரம் என்றவுடன் நம்மனோர் கல்வெட்டையும் செப்பேட்டையுமே நினைக்கின்றனர். திருவண்ணாமலைக் கோயிற் சுவர்களிற் சோழர் காலந்தொட்டு வெட்டப்பட்ட சாசனங்கள் பல உள. அறிஞர் அவற்றைப் படியெடுத்து அச்சிட்டுக் காத்தது போற்றத்தக்கதே. ஆயினும் அவை பெரும்பாலும் நிலக்கொடையையும் விளக்குக்கொடையையும் கூறுமேயன்றி, அக்காலத்து மலைமேல் எம்மரம் நின்றது, எத்துணை முறை தீப் பரவியது என்பவற்றைக் கூறா. கூறவல்ல வேறொரு சாசனம் சமுத்திரம் ஏரி முதலாக ஊரைச் சூழ்ந்த ஏரிகளின் அடியிற் கிடக்கின்றது. அதனையோ நாம் தூர் வாருங்கால் வாரி வயலிற் கொட்டிவிடுகின்றோம்.

ஏரியில் நீர் நிற்குங்கால் அதிற் கலந்து வந்த மண் படலம் படலமாகப் படிகின்றது. மகரந்தத்தூளும், தீயின் கரித்துகளும், நுண்ணிய பாசிகளின் ஓடுகளும் அப்படலங்களுள் அடங்குகின்றன. ஆராய்வோர் குழாயொன்றைச் செங்குத்தாக இறக்கி அம்மண்ணை உருக்குலையாது எடுப்பர். கரியின் கதிரியக்கத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளையும், ஈயத்தின் கதிரியக்கத்தைக் கொண்டு அண்மையிலுள்ள நூறு ஆண்டுகளையும் கணிப்பர்.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து இராமன் சுகுமாரும் அவர்தம் துணைவரும் 1993-ம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். ஏறத்தாழ 18,000 ஆண்டுகட்கு முன், உலகின் வடபாகத்தைப் பெரும்பனி மூடியிருந்த காலத்து, அம்மலையில் வறட்சிக்குரிய புல்லினம் மிகுந்திருந்ததென்றும், சுமார் 10,000 ஆண்டுகட்கு முன் பருவமழை வலுத்து ஈரத்துக்குரிய மரஞ்செடிகள் பெருகினவென்றும் அம்மண்ணே சான்று பகர்ந்தது.

சமவெளி ஏரிகள் மனிதர் கட்டியவை. கோடையில் வற்றி வெடிப்பன. படலங்கள் கலந்து போம். மகரந்தமும் கெடும் என ஒரு சாரார் கூறுவர். இவ்வாட்சேபம் பொய்யன்று. எனினும் கரித்துகளும், புல்லின் உடலிலுள்ள மணற்சத்து நுண்துகள்களும் அத்துணை எளிதில் அழியா. செல்லரித்த சுவடியென்று சாமிநாதையரவர்கள் எறிந்திருப்பின், பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு எட்டியிரா அன்றோ?

இவ்வாராய்ச்சியாற் பயன் யாதெனின், கூறுதும். வறண்டு கிடந்த அண்ணாமலைச் சாரலில் 1980-களின் இறுதி தொடங்கி அன்பர் பலர் மரம் நட்டு வளர்த்து வருகின்றனர். நற்பணி அது. ஆயின் இம்மலை முன்னாளில் அடர்ந்த காடாயிருந்ததோ, புல்லும் முட்புதருமாயிருந்ததோ என்பதை ஊகத்தாலன்றிச் சான்றாலறிந்து நடுவதன்றோ சிறப்பு? அச்சான்று மலைநீர் சென்று தங்கும் இடத்திலேயே தேடற்பாலது.

தூர் வாரலாகாது என்பது நம் கொள்கையன்று. தூர்ந்த ஏரியால் உழவர்க்குப் பயனில்லை. 2017-ம் ஆண்டில் அரசாங்கத்தார் வண்டலை உழவர் விலையின்றி எடுத்துக்கொள்ள வழி செய்ததும் நன்றே. ஆனால் மண்வெட்டி நின்று இயந்திரம் புகுந்த இந்நாளிற் பல தலைமுறை வண்டல் சில நாளில் மறைகின்றது. ஆதலின் ஒவ்வோர் ஏரியும் தூர் வாரப்படுமுன், அதன் ஆழமான இடத்தினின்று ஒரு குழாய் மண்ணையேனும் எடுத்து, இடமும் நாளும் ஆழமுங் குறித்துக் காத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. தாவரநூல், இரசாயனம், சரித்திரம் பயிலும் மாணவர் ஒருங்கு கூடின் போதும். மகரந்தத்தை ஆராயும் கூடம் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தில் உளது, தொலைவன்று.

கல்லெழுத்தை நம் முன்னோர் காத்தனர். மண்ணெழுத்தைக் காக்கும் கடன் நம்முடையது. அடுத்த கோடைக்குள் அதனைத் தொடங்குவோமாக.