மண்ணின் படத்துக்கு அயன்மொழிப் பெயரா?

தான் ஈன்ற மகவுக்கு அயலான் பெயர் சூட்டக் கண்டு, அதனையே பெருமையெனக் கருதி மகிழும் தாய் உண்டா? தமிழினம் இன்று அத்தகைய தாயாக நிற்கின்றது!

தாயை இழந்த ரகு, அம்மு என்னும் யானைக் கன்றுகளை, முதுமலைத் தெப்பக்காட்டில் பொம்மன், பெள்ளி இணையர் பிள்ளைகளெனப் பேணி வளர்த்ததைக் காட்டும் ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆசுக்கர் பரிசு பெற்றது. காடு தமிழ்நாட்டுக் காடு. பேச்சு தமிழ்ப் பேச்சு. பெயரோ 'தி எலிபண்ட் விசுபரர்சு'! தமிழில் பேசினால் உலகம் கேளாது என்னும் அச்சத்தை அப்படமே பொய்யாக்கியது. பேச்சைத் தமிழில் கேட்ட உலகம் பெயரையும் தமிழில் கேளாதா?

2006-இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது தமிழக அரசு. உடனே படமெடுப்போர்க்குத் தமிழ் இனித்தது! 2017-இல் வரிமுறை மாறியது. ஆங்கிலப் பெயர்களும் மீண்டும் பெருகின. காசுக்கு வந்த தமிழ் காசோடு போயிற்று!

பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர் குடியினர். அக்குடிக்குத் தமிழோடு உறவுடைய தனிமொழி ஒன்று உண்டு. தம் மொழிக்கு உரிமை கேட்கும் தமிழர், அவர்தம் மொழிக்கும் திரையில் இடம் கேட்டல் வேண்டும். பல்குடி மக்களைக் காட்டுகின்றோம் என்று முகத்தை மட்டும் படம்பிடித்து, நாவைக் கட்டிவைப்பது பன்மை ஆகாது. அது வெறும் பொம்மைக் கொலுவே!

இவ்வினா மலையோடு நிற்பதன்று. பூவிருந்தவல்லி அருகே 150 ஏக்கரில், 500 கோடி உருபாவில் திரைப்பட நகர் அமையும் எனத் தமிழக அரசு 2024-இல் தன் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அங்கே எவருடைய இளமை படமாகப் போகின்றது?

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரிகளால் வாழ்ந்த நிலம் அது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் போர் ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தன. அதற்குமுன் அக்கரைகளில் ஓடியாடிய சிறார் இன்று எழுபதைக் கடந்த முதியோர். மதகு, கலிங்கு, வாய்க்கால் என நீரின் வழியெல்லாம் அவர்க்குப் பெயரோடு தெரியும். நாமக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எனப் பறவைகளைப் பெயர்சொல்லி அழைத்தவர் அவர். அவர்தம் பேரனுக்கோ அவை யாவும் 'பேர்ட்சு'!

கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலந்த கொடுமை பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஏரிநீரைக் காக்க முறையிடத் தீர்ப்பாயம் உண்டு. ஏரியோடு வாழ்ந்த சொற்களைக் காக்க எம்மன்றத்தில் முறையிடுவது? அம்முதியோர் மறைந்தால் அச்சொற்களும் மறையும். பின்னர் எந்த ஆசுக்கரும் அவற்றை மீட்டுத் தாராது!

ஆதலின், அத்திரைப்பட நகரில் உருவாகும் முதற்படம் அவ்வேரிகளைப் பற்றியதாகுக! உழவரும் மீனவரும் மகளிரும் தம் இளமை நினைவைத் தம் வாயாலேயே கூறுக! அதற்குத் தமிழிலேயே பெயர் அமைக! அரசு செய்யட்டும் என்று காத்திராமல், அம்பத்தூர், ஆவடி இளைஞர் இன்றே முதியோரிடம் சென்று அச்சொற்களைக் கேட்டுப் பதிவுசெய்க!

தமிழர்களே! பிள்ளை உங்களுடையது, பெயரையும் நீங்களே சூட்டுங்கள்!